முதல் கையெழுத்து: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

1916 ஈஸ்டர் திங்களன்று அயர்லாந்தின் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து வெடித்த எழுச்சியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். தலைமைத் தபால் நிலையத்தின் வாசலில் நின்று பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசிக்கும் காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் சட்டம் 1914லேயே நிறைவேறிவிட்டது. முதல் உலகப்போர் முடியும்வரை பொறுத்திருந்தால் ரத்தம் சிந்தாமல் கிடைத்திருக்குமே? எங்கள் வகுப்பில் இதைக் 'கவிஞர்களின் அவசரம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இதன் வேர் எங்கே இருக்கிறது என்று சொல்வீர்களா?

வரலாற்று முதுகலை மாணவி,
பாளையங்கோட்டை

அன்புள்ள மாணவிக்கு,

என் கட்டுரையின் குறையைச் சரியாகத் தொட்டுவிட்டீர்கள். கதையைத் தபால் நிலைய வாசலில் தொடங்கினால் பியர்ஸ்தான் கண்ணில் படுவார். அவர் கவிஞர். பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரில் மெக்டொனா, பிளங்கட் இருவரும்கூடக் கவிஞர்கள்தான். ஆனால் அந்தத் தாளில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். தாமஸ் கிளார்க். டப்ளின் பார்னல் தெருவில் புகையிலையும் செய்தித்தாளும் விற்றுப் பிழைத்தவர். அறுபதை நெருங்கிய அந்தக் கடைக்காரருக்குத்தான் மற்ற ஆறு பேரும் முதலிடம் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று தேடிப் போனால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கிளார்க்கின் தகப்பனார் பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்தவர். மகனோ இளம் வயதிலேயே அயர்லாந்துக் குடியரசுச் சகோதரத்துவம் என்ற ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். ஃபீனியர்கள் என்று அழைக்கப்பட்ட அந்தக் கூட்டம் 1858ல் உருவானது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளுக்குள்தான் பெரும்பஞ்சம் வந்து போயிருந்தது. 1845லிருந்து உருளைக்கிழங்குப் பயிர் மண்ணுக்குள்ளேயே அழுகியது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அமெரிக்காவில் கரையேறியவர்கள் பஞ்சத்தை மறக்கவில்லை. பிள்ளைகளையும் மறக்கவிடவில்லை. பிற்பாடு டப்ளினுக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி அவர்கள் கொடுத்ததுதான்.

1883ல் கிளார்க் லண்டனில் குண்டு வைக்க அனுப்பப்பட்டுப் பிடிபட்டார். இதை நான் மறைக்க மாட்டேன்; அந்தக் குண்டுகள் வெடித்திருந்தால் வழியில் போன அப்பாவிகள் செத்திருப்பார்கள். ஆயுள் தண்டனை கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலேயச் சிறைகளில் கிடந்தார். வாய் திறந்து பேசக்கூடாது என்பது அங்கே விதி. இரவில் காவலர்கள் இரும்புக் கதவுகளை ஓயாமல் அறைந்து தூங்கவிடாமல் செய்தார்கள். உடன் இருந்தவர்களில் சிலருக்குப் புத்தி பேதலித்துப் போனது. கிளார்க் 1898ல் தெளிவோடு வெளியே வந்தார், அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1907ல் டப்ளின் திரும்பினார், கடை போட்டார்.

அந்தக் கடை வாசலில் சற்று நில்லுங்கள். உள்ளே மெலிந்த மனிதர் ஒருவர், மூக்குக் கண்ணாடி, அடர்ந்த மீசை. செய்தித்தாள் வாங்க ஓர் இளைஞன் நுழைகிறான். எதிரே மாற்றுடையில் நிற்கும் காவலர் மணி பார்த்துக் குறித்துக்கொள்கிறார். இப்படி யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார் என்று அன்றாடம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகள் அயர்லாந்தின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. இளைஞர்களில் ஒருவர் ஷான் மெக்டெர்மட். 1911ல் இளம்பிள்ளை வாதம் தாக்கி, கைத்தடியோடு நாடெங்கும் அலைந்து ஆள் சேர்த்தவர். இந்த இருவரும்தான் எழுச்சியின் அச்சாணி. இருவருமே கவிஞர்கள் இல்லை. அவசரக்காரர்களும் இல்லை; ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்.

ஆனால் வெறும் காத்திருப்பு எழுச்சி ஆகிவிடாது. 1912ல் அயர்லாந்தின் பெரும்பான்மை, லண்டன் நாடாளுமன்றத்தில் ஐரிஷ் கட்சியின் தலைவராக இருந்த ஜான் ரெட்மண்டின் பின்னால் நின்றது. நாடாளுமன்ற வழியில் தன்னாட்சி வாங்கிவிடலாம் என்று அவரும் மக்களும் நம்பினார்கள். அந்த ஆண்டு மார்ச் 31 அன்று டப்ளினில் நடந்த மாபெரும் தன்னாட்சிக் கூட்டத்தில் மசோதாவை ஆதரித்துப் பேசியவர்களில் பியர்ஸும் ஒருவர்! இந்த முறையும் ஏமாற்றினால் இனி போர்தான் என்று எச்சரித்துவிட்டு இறங்கினார். ஆக, நீங்கள் அவசரக்காரர் என்று நினைக்கும் கவிஞரும் பொறுத்துப் பார்க்கத் தயாராகவே இருந்தார். அவரை மாற்றியது அடுத்த இரண்டு ஆண்டுகள். உங்கள் பாடப்புத்தகம் தாண்டிப் போகும் இடமும் அதுதான்.

வடக்கே அல்ஸ்டரில் இருந்த புராட்டஸ்டன்டுகள் தன்னாட்சியை உயிர்போகிற காரியமாகப் பார்த்தார்கள். கத்தோலிக்கப் பெரும்பான்மையின் கீழ் வாழ நேருமே என்ற அவர்களுடைய அச்சம் பொய்யானதல்ல. 1912 செப்டம்பரில் ஆணும் பெண்ணுமாக நாலரை லட்சத்துக்கும் அதிகமானோர் எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஜனவரியில் எட்வர்ட் கார்சன் தலைமையில் தனிப்படையே திரட்டிவிட்டார்கள். லண்டனில் எதிர்க்கட்சித் தலைவர் அவர்களை வெளிப்படையாக ஆதரித்தார். 1914 மார்ச்சில், அல்ஸ்டர்மீது ஏவினால் பதவியை உதறுவோம் என்று அயர்லாந்தின் கரா முகாமில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் சொன்னார்கள். ஏப்ரலில் அல்ஸ்டரின் லார்ன் துறைமுகத்தில் அந்தத் தனிப்படைக்காக ஒரே இரவில் சுமார் 25,000 துப்பாக்கிகள் இறங்கின. தடுக்க ஆளில்லை. தண்டனையும் இல்லை.

வடக்கே படை திரண்டதைத் தெற்கே கூர்ந்து கவனித்தவர் ஓயின் மெக்நீல் என்ற வரலாற்றுப் பேராசிரியர். 1913 நவம்பரில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு 'வடக்கு தொடங்கியது'. அவர்கள் படை திரட்டலாம் என்றால் நாம் ஏன் திரட்டக்கூடாது என்பது அதன் சாரம். அந்த மாதமே டப்ளின் ரொட்டண்டா அரங்கில் அயர்லாந்துத் தொண்டர்படை பிறந்தது. கிளார்க்கின் ஆட்கள் சத்தமில்லாமல் முக்கியப் பொறுப்புகளில் அமர்ந்தார்கள். கிளார்க் மட்டும் சேரவில்லை. தன் பெயர் தெரிந்தால் காவல்துறை விழித்துக்கொள்ளும் என்று ஒதுங்கியே இருந்தார்.

1914 ஜூலை 26 அன்று டப்ளினை அடுத்த ஹௌத் துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகு இந்தத் தொண்டர்களுக்குச் சுமார் 900 துப்பாக்கிகளை இறக்கியது. இப்போது ராணுவம் வந்தது. துப்பாக்கிகளைப் பறிக்க முடியாமல் திரும்பும் வழியில், பேச்சலர்ஸ் வாக் என்ற ஆற்றங்கரைச் சாலையில், கேலி பேசிக் கல்லெறிந்த கூட்டத்தைச் சுட்டது. மூவர் இறந்தார்கள், காயம்பட்ட இன்னொருவர் பின்னர் இறந்தார். லார்னில் 25,000, ஹௌத்தில் 900. டப்ளின்காரர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. எழுச்சியின் வேர் எங்கே என்றால் நான் முதலில் விரல் வைப்பது அந்த ஆற்றங்கரையில்தான்.

இப்போது உங்கள் 1914 சட்டத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 18 அன்று அரசர் ஒப்புதல் தந்தார். அன்றே அது கிடப்பில் போடப்பட்டது. போர் முடிந்து, அல்ஸ்டருக்குத் தனி ஏற்பாடு செய்த பிறகே நடைமுறைக்கு வரும் என்றார்கள். வந்தாலும் ராணுவமும் வெளியுறவும் லண்டன் கையில்தான். ரெட்மண்ட் இதை நம்பி, தொண்டர்களைப் பிரிட்டனின் போருக்குப் போகச் சொன்னார். அவர் துரோகியில்லை; சொந்தத் தம்பியையே போரில் பறிகொடுத்தவர். ஆனால் 1915 மே மாதம் லண்டனில் கூட்டணி அரசு அமைந்தபோது, சட்டத்தை மீறிப் படை திரட்டிய கார்சன் அரசின் தலைமை வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார். ரெட்மண்டையும் அழைத்தார்கள், அவர் மறுத்தார் என்பது உண்மை. ஆனாலும் கார்சன் அமர்ந்த அரசை நம்பிக் காத்திருக்கச் சொல்வது எனக்குக் கூசுகிறது.

தொழிலாளர் பக்கம் ஒரு வேர் உண்டு. 1913ல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்தை உடைக்க மாதக்கணக்கில் கதவடைத்தபோது, காவலர் தடியடியிலிருந்து காத்துக்கொள்ளத் தோன்றியது குடிமக்கள் படை. அதன் தலைவரும் தொழிற்சங்கவாதியுமான ஜேம்ஸ் கானலி அதைத் தனியாகவே களமிறக்கிவிடுவார் என்று அஞ்சி, 1916 ஜனவரியில் கிளார்க் குழு அவரைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. கானலியைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஈஸ்டர் ஞாயிறன்று, கானலியின் சங்கக் கட்டடமான லிபர்ட்டி ஹாலில் மூன்று அச்சுத் தொழிலாளர்கள் பிரகடனத்தைக் கோத்தார்கள். ஈய எழுத்துகள் போதவில்லை. பாதியை அச்சிட்டு, எழுத்துகளைக் கலைத்து, மறுபாதியைக் கோத்து அதே தாளில் அடித்தார்கள். ஆங்கில 'ஈ' தீர்ந்துபோய், ஓர் இடத்தில் 'எஃப்' எழுத்தின் அடியில் அரக்கு ஒட்டி 'ஈ' ஆக்கினார்கள். அந்தத் தாள் தன் பிறப்பைத் தானே சொல்கிறது: முந்நூறு ஆண்டுகளில் ஆறு முறை ஆயுதமேந்தி இந்த உரிமையை நிலைநாட்டியிருக்கிறோம் என்கிறது.

சென்னைக்கும் அதன் அனல் எட்டியது. அன்னி பெசன்டின் 'நியூ இந்தியா' இதழில் பணியாற்றிய ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் எழுச்சியைப் போற்றி எழுதினார். அதனால் பெசன்ட் அவரை விலக்க நேர்ந்தது. அதே 1916ல்தான் அயர்லாந்திடமிருந்து பெயரெடுத்த ஹோம் ரூல் இயக்கத்தைப் பெசன்ட் இங்கே தொடங்கினார்.

ரத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த வாரம் இறந்த சுமார் 485 பேரில் பாதிக்கு மேல் ஆயுதம் தொடாத பொதுமக்கள், குழந்தைகள் உட்பட. அதை எந்த வேரும் நியாயப்படுத்திவிடாது என்றே நினைக்கிறேன். ஆனால் அவசரத்தில் விளைந்தது என்று மட்டும் ஏற்க மாட்டேன்.

எழுச்சியாளர்கள் சரணடைந்த இரவு, கைதிகளை ரொட்டண்டாவின் முன்புறப் புல்வெளியில் திறந்த வெளியில் உட்கார வைத்தார்கள். அங்கே ஓர் அதிகாரி கிளார்க்கின் ஆடைகளைக் களைந்து நிற்கவைத்து அவமானப்படுத்தினார். தொண்டர்படை பிறந்த வளாகம் அது. கிளார்க்கின் கடையும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. மே 3 விடியற்காலையில், பியர்ஸுடனும் மெக்டொனாவுடனும் அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.