மூன்று லட்ச ரூபாய் கேமரா வேண்டாம் அக்கா, ஹேண்டிகேம் போதும்

பாம்பனிலிருந்து எழுதிய அக்காவுக்கு,

உங்கள் கவலை புரிகிறது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம், குறும்படமும் ஆவணப்படமும்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். துபாயில் இருக்கும் உங்கள் தம்பி, எடுத்தால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் (படத்தைப் பதிகிற சென்சார் பெரிதாக இருக்கும் வகை) எடு, இல்லையென்றால் எடுக்காதே என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார், பாதிப் பணம் தருவதாகவும் சொல்கிறார், மீதிக்கு நகையை வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். கேமரா, ஒரு லென்ஸ், கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி), கூடுதல் பேட்டரி எல்லாம் சேர்ந்து மூன்று லட்சத்தைத் தொடுகிறது. உங்கள் பங்கு ஒன்றரை லட்சம், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்தாலும் மாதம் 1,500 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கட்டிக் கிடக்கும் 61 நாளும் அந்த வட்டி நிற்காது. உங்கள் வீட்டுக்காரர் படகில் கூலிக்குப் போகிறவர் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்றும் கவனித்தேன். மூன்று லட்சத்துக்குப் போட்ட பட்டியலில் மைக் என்ற ஒன்றே இல்லை. ஆவணப்படம் எடுத்த யாரும் அப்படி ஒரு பட்டியல் போட மாட்டார்கள். தம்பி பாசத்தில்தான் சொல்கிறார், சரி, ஆனால் பாதிப் பணம் தருகிறவர் முழு முடிவையும் எடுக்க விடக் கூடாது.

நீங்கள் அனுப்பிய மகளின் வீடியோக்களைப் பார்த்தேன், செல்போனில் எடுத்தவை. கடல்பாசி எடுக்கப் போகிற பாட்டி விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டே பேசுகிறார், இவள் குறுக்கே பேசுவதில்லை, அவசரப்படுத்துவதில்லை, பாட்டி பேச்சை நிறுத்திய பிறகும் கேமராவை அணைக்காமல் வைத்திருக்கிறாள், அப்போதுதான் அவர் உண்மையான விஷயத்துக்கு வருகிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளுக்கு வந்த குணம் இது. ஆக அவளுக்கு வேண்டியது நீண்ட நேரம் ஓடுகிற, குரலை ஒழுங்காகப் பதிகிற, தூரத்திலிருந்தே முகத்தை எட்டிப் பிடிக்கிற கருவி. பின்னணியை மங்கலாக்கிக் காட்டுகிற கருவி அல்ல. அந்தப் பாட்டிக்குப் பின்னால் இருப்பது கடலும் வல்லம் என்கிற நாட்டுப்படகும் உலர்கிற பாசியும். அதை மங்கலாக்கிவிட்டால் படத்தில் என்ன மிச்சம்?

செல்போன், டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் பற்றியெல்லாம் ஊரே பேசுகிறது, நான் அதற்குள் போகவில்லை. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: செகண்ட் ஹேண்ட் ஹேண்டிகேம், அதாவது கையில் பிடித்து எடுக்கிற வீடியோ கேமரா. கல்யாண வீடியோ கேமராவா என்று தம்பி சிரிப்பார், சிரிக்கட்டும்.

குறிப்பாக சோனி எஃப்டிஆர் ஏஎக்ஸ்100. 2014-இல் வந்த மாடல். ஒரு இஞ்ச் வகை சென்சார், 12 மடங்கு ஜூம், 4கே பதிவு. மைக் செருகத் துளை, ஹெட்ஃபோன் செருகத் துளை, கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர். தனுஷ்கோடி மணலில் பகல் 12 மணிக்கு எந்தத் திரையிலும் ஒன்றும் தெரியாது, அங்கே இந்த வ்யூஃபைண்டர்தான் கைகொடுக்கும். எல்லாவற்றையும் விட, உள்ளேயே என்டி ஃபில்டர் இருக்கிறது, கேமராவுக்கு ஒரு கூலிங் கிளாஸ் மாதிரி. நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்காக இருக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ஃபில்டர் இல்லாமல் அப்படி வைத்தால் படம் வெளுத்துவிடும், வெளுக்காமல் இருக்க ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் அலையும் நடையும் வெட்டி வெட்டித் தெரியும். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பெரும்பாலும் இதைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும், இதில் ஒரு சுவிட்ச்.

லென்ஸ் கழற்ற முடியாது என்பதைக் குறை என்பார்கள். கடற்கரையில் அதுதான் லாபம். லென்ஸைக் கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் உப்புக்காற்றும் மணலும் சென்சாருக்கு நேராகப் போகும், இதில் அந்தப் பேச்சே இல்லை. அப்புறம் பல பழைய ஃபோட்டோ கேமராக்களில் உள்ள அரை மணி நேரப் பதிவு வரம்பு இதில் கிடையாது. பெரிய பேட்டரியும் 64 ஜிபி எஸ்டிஎக்ஸ்சி கார்டும் போட்டால் ஒரு நீண்ட பேட்டியை நிறுத்தாமல் எடுக்கலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சென்சார் பரப்பு ஃபுல் ஃபிரேமில் ஏழில் ஒரு பங்குதான், அதனால் இருட்டில் படம் புள்ளி புள்ளியாக வரும். விடியற்காலை மூன்று மணிக்குப் படகு கிளம்புவதை இதில் அழகாக எடுக்க முடியாது. அப்படி ஒரு ராத்திரிக் காட்சி அவசியம் என்றால் ராமநாதபுரத்தில் தெரிந்த கல்யாண ஃபோட்டோகிராஃபரிடம் ஒருநாள் வாடகைக்கு நல்ல கேமராவை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு ராத்திரிக்காக வருடம் முழுக்க வட்டி கட்டுவது கணக்கே இல்லை.

எப்படி வாங்குவது? கேமராவுக்கு 50,000-க்கு மேல் ஒரு ரூபாய் தராதீர்கள், அதற்குள் வராவிட்டால் காத்திருங்கள், அல்லது அதே கம்பெனியின் ஏஎக்ஸ்53-ஐப் பாருங்கள் (சென்சார் சிறிது, ஆனால் 20 மடங்கு ஜூம், ஆடுகிற படகில் கை நடுக்கத்தை நன்றாகத் தாங்கும்). மாடல் பெயருக்குப் பின்னால் ஈ (E) என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் 25 ஃபிரேம் எடுக்கும் வகை, பிஏஎல் (PAL) என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த 30 ஃபிரேம் வகையில் எடுத்தால் நம்ம ஊர் டியூப்லைட் வெளிச்சம் துடிக்கலாம். ஜப்பானில் விற்றதென்றால் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற வழியில்லை. தம்பி துபாயில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி அனுப்புவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள்.

கையில் வாங்கியதும் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரையை மெதுவாகத் திறந்து, திருப்பி, மூடிப் பார்க்க வேண்டும், கோடு விழுந்தால் உள்ளே இருக்கும் கேபிள் போகப்போகிறது. மைக்கைச் செருகி, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே ஒயரை ஆட்டிப் பார்க்கணும், கரகரத்தால் வேண்டாம். திருகாணித் தலையில் வெள்ளை பூத்திருந்தால் அந்தக் கேமரா ஏற்கனவே கடல் பார்த்தது, எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

மிச்சப் பணம் ஒலிக்கு. சட்டையில் குத்துகிற போயா பிஒய்-எம்1 மைக் மலிவானது, ஆறு மீட்டர் ஒயர், பேட்டிக்கு அதுவே போதும். ஆனால் கச்சான் காற்று அடிக்கும்போது பஞ்சு உறை மட்டும் காற்றைத் தடுக்காது, மேலே ரோம உறை ஒன்று மாட்ட வேண்டும், முடிந்தால் படகின் மறைவில் உட்காரவைத்துப் பேச வைக்கலாம். ஹெட்ஃபோன் காதில் இல்லாமல் ஒரு பேட்டிகூட எடுக்கக் கூடாது, இதை அவளிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு இருக்கிறது. பழைய லேப்டாப் திணறினால் 4கே வேண்டாம், எச்டியில் எடுக்கட்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரம் தொட்ட துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்தால் பூஞ்சை வந்துவிடும்.

தம்பி மனசு நோகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உதவியை வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்ததை இரண்டு இடத்தில் வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் வேண்டும், அதை வாங்கித் தரச் சொல்லுங்கள். சினிமா படித்தால்தான் ஆச்சு என்று அவர் அடம்பிடித்தால், சென்னை தரமணியில் அரசின் எம்ஜிஆர் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அதைப் பற்றி டிகிரி முடிந்தபின் பேசலாம். தனியார் நிறுவனத்தில் லட்சக்கணக்கில் கட்டுவதாக இருந்தால் என்னிடம் கேட்கவே வேண்டாம், என் பதில் வேண்டாம் என்பதுதான்.

கடைசியாக ஒன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. பாசி எடுக்கிறவர்களோடு படகில் போய்த் தீவில் இறங்கிப் படம் எடுக்கலாம் என்று அவள் நினைத்திருந்தால், வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. மாட்டினால் அவளுக்கு மட்டுமல்ல, கூட்டிப்போன பெண்களுக்கும் சிக்கல். முதல் படத்தைக் கரையிலேயே எடுக்கட்டும், அனுமதிக் கடிதத்தைக் கல்லூரி வழியாக இப்போதே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.