டிரில் பைப்புக்குள் ஸ்பாஞ்ச் பந்து: எதற்கு, எப்போது, எந்த அளவு?

கேள்வி: சேலத்தில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு எண்ணெய் ரிக்கில் வேலைக்குச் சேரப் போகிறேன். கிணறு துளைக்கும் டிரில் பைப்பைச் சுத்தம் செய்ய உள்ளே ஸ்பாஞ்ச் பந்து விடுவார்களாம். அவ்வளவு பெரிய இரும்புக் குழாயை ஒரு மெத்தென்ற பந்து எப்படிச் சுத்தம் செய்யும்? எந்த அளவுப் பந்து வேண்டும்?

பதில்:

எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர். ரிக்கில் சிமென்டிங் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். அப்பா சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஃபேக்டரியில் இருந்தவர். மரவள்ளி மாவுப் பால் ஓடிய குழாயை அன்றைக்கே கழுவிவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாவாவது மறுநாள் ஊறவைத்தால் கரையும். சிமென்ட் கரையாது.

அந்தப் பந்து இரும்பைத் தேய்ப்பதற்கு இல்லை. இன்னும் இறுகாத சிமென்ட்டை வழித்துத் தள்ளுவதற்குத்தான். இறுகிவிட்டால் எத்தனை பந்து விட்டாலும் ஒரு பொருக்குகூட உதிராது. ஆகவே அளவு பற்றி யோசிக்கும் முன் நேரம் பற்றி யோசியுங்கள்.

கிணற்றின் ஒரு பகுதியை அடைக்க சிமென்ட் பிளக் வைப்போம். பைப்பின் நுனியில் துளை போடும் பிட்டைக் கழற்றிவிட்டு, வாய் திறந்த பைப்பை இறக்கி, அதன் வழியாக சிமென்ட் குழம்பை அனுப்புவோம். பின்னாலேயே மட், அதாவது துளை போடும்போது சுற்றிவரும் சேற்றுக் குழம்பு, அதைத் தள்ளிக்கொண்டு போகும். நடுவில் போகும் குழம்பு வேகமாகப் போய்விடும். சுவரை ஒட்டினது மெதுவாகத்தான் நகரும், கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். பார்த்தால் மெல்லிய படலம்தான். ஆயிரக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு அந்தப் படலம் இருந்தால் எவ்வளவு சிமென்ட் என்று நினைத்துப் பாருங்கள்.

காவிரிப் படுகையில் ஒரு கிணற்றில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஷிஃப்ட், நல்ல மழை. பிளக் வைத்து முடிந்தது. ஸ்டோரிலிருந்து வந்த பந்தை எடுத்து அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. வேறு பந்து இல்லை. "மட்டைக் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சுற்றிவிட்டால் போதும்" என்று எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சொன்னார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். பைப்பை உருவி டெரிக்கில், அதாவது ரிக்கின் கோபுரத்தில், அடுக்கினோம். பத்து நாள் கழித்து அதே பைப்பில் பிட் மாட்டி இறக்கி, துளை போட ஆரம்பித்தபோது பம்ப் அழுத்தம் திடீரென்று ஏறியது. என்ன செய்தும் இறங்கவில்லை. 2,000 மீட்டருக்கு மேல் பைப்பை ஸ்டாண்ட் ஸ்டாண்டாக (ஒரு ஸ்டாண்ட் என்றால் பெரும்பாலும் மூன்று பைப் சேர்ந்தது) கழற்றி வெளியே எடுத்தோம். பிட் ரிக்கின் மேல்தளத்துக்கு வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மட்டைப் பீய்ச்சும் நாஸில் துளை மூன்றிலும் சாம்பல் நிறப் பொருக்கு, பழைய சுவரில் உரிந்த சுண்ணாம்பு மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு பொருக்கை விரலால் நெம்பி எடுத்தேன். ஒரு பக்கம் பைப்பின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. ஒரு பந்து இல்லாததால் ஒரு நாள் முழுக்கப் போனது. அதற்கப்புறம் பந்தை என் கையால் அழுத்திப் பார்க்காமல் எந்த பிளக் வேலைக்கும் நான் சம்மதித்ததில்லை.

செய்முறைக்கு வருவோம். பிளக் வைத்ததும் பைப்பை சிமென்ட்டுக்குள்ளிருந்து மெதுவாக உருவி, சிமென்ட்டின் தலைக்கு மேலே சில ஸ்டாண்ட் உயரம் வந்ததும் நிறுத்த வேண்டும். பைப் கீழே நழுவாமல் பிடிக்கும் ஆப்பான ஸ்லிப்ஸைப் போட்டு ஜாயின்டைக் கழற்றுவோம். அப்போது மட் பொங்கி வெளியே வந்தால் உள்ளேயும் வெளியேயும் எடை சமமாகவில்லை என்று அர்த்தம், அவசரப்படாமல் டிரில்லரிடம் சொல்லுங்கள். பந்தைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, இரண்டு கையாலும் பைப் வாய்க்குள் திணித்துவிட்டு, பைப்பைச் சுழற்றி மட்டையும் உள்ளே விடும் டாப் டிரைவையோ கெல்லியையோ மாட்டி பம்ப்பை ஓட்ட வேண்டும். லேபில் சோதித்துச் சொன்ன கெட்டியாகும் நேரத்துக்குள் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

பந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, கணக்குத்தான் கண். 5 அங்குல டிரில் பைப்பில் அடிக்கு 19.5 பவுண்டு எடையுள்ளதை எடுத்துக்கொண்டால், உள்விட்டம் 4.276 அங்குலம். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 9¼ லிட்டர் பிடிக்கும், 1,000 மீட்டருக்கு 9,250 லிட்டர். 6 அங்குல லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை), 12 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம்) உள்ள மூன்று சிலிண்டர் பம்ப் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 16.7 லிட்டர் தள்ளும். அப்படியென்றால் பந்து அடிவாய்க்குப் போய்ச்சேர சுமார் 555 ஸ்ட்ரோக். பம்ப் நூற்றுக்கு நூறு தள்ளாது, அதனால் கொஞ்சம் கூட்டிக்கொள்வோம். வெளியேறிய பந்து மட்டோடு மேலே வந்து, மட்டைச் சலிக்கும் அதிர்வுச் சல்லடையான ஷேல் ஷேக்கரில் விழலாம், பிய்ந்தும் வரலாம், கிணற்றிலேயே தங்கியும் விடலாம்.

அளவு கேட்டிருந்தீர்கள். பந்து பைப்பின் உள்விட்டத்தைவிடப் பெரியதாக இருந்தால்தான் சுவரை அழுத்தும். மேலே சொன்ன பைப்புக்கு நாங்கள் 6 அங்குலப் பந்து போடுவோம். ஆனால் பைப் முழுக்க ஒரே அகலம் இல்லை. பைப்போடு பைப்பை இணைக்கும் திருகு முனையான டூல் ஜாயின்டில் உள்விட்டம் 3¾ அங்குலம், சிலவற்றில் 3¼ தான். பந்து அங்கே சுருங்கி நுழைந்து, தாண்டியதும் விரிந்து மறுபடி சுவரைப் பிடிக்கும். இந்தச் சுருங்கி விரிகிற குணத்துக்காகத்தான் இயற்கை ரப்பர் நுரையில் செய்கிறார்கள். கெட்டியான பொருளால் இதைச் செய்ய முடியாது.

பிட்டோ, அடியில் வால்வோ மாட்டிய பைப்பில் ஒருபோதும் பந்து விடாதீர்கள். நாஸில் துளை அரை அங்குலம் அளவுதான் இருக்கும், பந்து அங்கேயே அடைத்துக்கொள்ளும். இன்னொன்று: பந்து போய்விட்டது என்பதற்காக உள்விட்டம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. அதற்குக் கெட்டியான அளவுக் கட்டையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.

திருச்செங்கோட்டுப் போர் வண்டியில் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே காற்றடித்து, ஹாமரால் பாறையை உடைத்துத் தூளை வெளியே தள்ளுகிறார்கள், பைப்புக்குள் சிமென்ட் போவதே இல்லை.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் சேலத்திலேயே பார்க்கலாம். அஸ்தம்பட்டியிலோ கொண்டலாம்பட்டியிலோ பெரிய கட்டடத்துக்கு கான்கிரீட் பம்ப் ஓடும் இடத்துக்கு, வேலை முடிகிற நேரத்தில் போங்கள். மிஞ்சிய கான்கிரீட்டை வெளியேற்ற லைனுக்குள் இதே மாதிரி ஸ்பாஞ்ச் பந்துதான் விடுவார்கள். தண்ணீரால் தள்ளினால் நிதானமாக வரும். காற்றால் தள்ளினால் குண்டு மாதிரி பாயும், ஆளையே கொன்றுவிடும். குழாயின் வாய்க்கு நேரே மட்டும் நிற்காதீர்கள் தம்பி, பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள்.

பந்துகளை வெயில் படாத இடத்தில், டீசல் கிரீஸ் பக்கம் வைக்காமல், பையில் கட்டி வையுங்கள். வேலைக்கு முந்தைய நாளே வெளியே எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை என்றால் அன்றைக்கே புதிது கேட்டு எழுதிப் போடுங்கள், கையில் எப்போதும் இரண்டு கூடுதலாக இருக்கட்டும்.