டைம்ஷேர்: கையெழுத்து போட்ட பிறகும் பின்வாங்கலாமா?

கேள்வி: விடுமுறைக்குப் போன இடத்தில், பரிசு தருகிறோம், ஒரு மணி நேரம் வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டார்கள். அரை நாள் உட்கார வைத்துப் பேசி டைம்ஷேருக்கு, அதாவது ஒரு ரிசார்ட்டில் வருடாவருடம் சில நாள் தங்கும் உரிமைக்கு, கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஃபோன் செய்து கேட்டதற்கு, முன்பணம் திரும்ப வராது என்கிறார்கள். இனி வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது, ஆனால் நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் உள்ள இடங்களில் பெரும்பாலும், காரணமே சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சில நாள் அவகாசம் உண்டு. எங்கே கையெழுத்து போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் சில இடங்களைச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2008-ஆம் ஆண்டு உத்தரவின்படி 14 நாள். அந்த அவகாசம் முடியும்வரை முன்பணம் என்று எதையும் வாங்கவே கூடாது, ஆக அங்கே கையெழுத்து போட்டிருந்தால் உங்களிடம் பணம் வாங்கியதே சட்டத்தை மீறிய செயல். ரத்து செய்வதற்கான படிவத்தையும் ஒப்பந்தத்தோடு தர வேண்டும், தராவிட்டால் அவகாசம் இன்னும் ஒரு வருடம் நீளும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: ஃப்ளோரிடாவில் 10 நாள், கலிஃபோர்னியாவில் 7 நாள். ஃப்ளோரிடாவில் இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக நீங்களே எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது.

விற்றவரிடம் ஃபோனில் கெஞ்சிக்கொண்டிருந்தால் நாள்தான் ஓடும். ஒருமுறை நேரில் வாருங்கள் பேசலாம் என்பார்கள், மேலதிகாரி ஊரில் இல்லை என்பார்கள், அதற்குள் கெடு தாண்டிவிடும். ஒப்பந்தத்தில் ரத்து கடிதத்தை எந்த முகவரிக்கு, எப்படி அனுப்ப வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதே முறையில் எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஐரோப்பிய விதிப்படி கெடுவுக்குள் நீங்கள் அனுப்பியிருந்தால் போதும், அவர்கள் கைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பது பிரச்சினை இல்லை. கடிதத்தில் காரணம், வருத்தம் எதுவும் வேண்டாம். ஒப்பந்த எண், தேதி, ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். இதற்காக அவர்களே கடன் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தால், ஐரோப்பாவில் அந்தக் கடனும் சேர்ந்தே ரத்தாகும். இருந்தாலும் கடன் கொடுத்தவருக்கும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்திலேயே ரத்து அவகாசம் கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொய் சொல்லி விற்பது, ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் இரண்டுமே அதற்குள் வரும். நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஆனால் 2 வருடத்துக்குள் போட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஃபோன் செய்து கேளுங்கள்.

கேள்வி: இது ஒரு முதலீடு, பிறகு நல்ல விலைக்கு விற்கலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எதுவுமே இல்லை.

பதில்: இருக்காது. வாயால் சொன்னது எதுவும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றே ஒரு வரி உள்ளே இருக்கும், தேடிப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேரை முதலீடு என்று சொல்லி விற்பதே தடை. மற்ற இடங்களில் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும், அதனால் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, காகிதத்தில் கிறுக்கிக் காட்டிய கணக்கு, விளம்பரத் தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: பல வருடமாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன், அது ஏறிக்கொண்டே போகிறது, நாங்கள் போவதே இல்லை. இப்போது ஒருவர் ஃபோனில், வாங்க ஆள் ரெடி, பதிவுச் செலவை மட்டும் முதலில் அனுப்புங்கள் என்கிறார். அனுப்பலாமா?

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்து சோர்ந்து போனவர்களைத் தேடி வரும் இரண்டாவது வலை இது, இதைப் படிக்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது. மறுவிற்பனை உண்மையில் முடியும் முன்போ இடைத்தரகரோடு போட்ட மறுவிற்பனை ஒப்பந்தம் முடிவுக்கு வரும் முன்போ இடைத்தரகர் பணம் வாங்குவதை ஐரோப்பிய உத்தரவு தடுக்கிறது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லையென்றாலும் நீங்களே அதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். வரி, பத்திரச் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, விற்ற பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு ஃபோன் வருவது நின்றுவிடும்.

வெளியேற வேண்டுமென்றால் முதலில் ரிசார்ட் நிறுவனத்திடமே, திருப்பி எடுத்துக்கொள்ளும் திட்டம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சில நிறுவனங்கள் பாக்கி இல்லாதவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. கட்டணத்தைச் சும்மா நிறுத்திவிட்டால் வட்டி, வசூல் நடவடிக்கை, கடன் மதிப்பெண் சரிவு என்று போகும், வக்கீலைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம். அப்புறம் ஒப்பந்தத்தின் காலத்தைப் பாருங்கள். ஸ்பெயினில் 1998-ஆம் ஆண்டு சட்டம் அதிகபட்சம் 50 வருடம் என்று வைத்தது, அதை மீறிக் காலவரையின்றி எழுதிய ஒப்பந்தங்கள் செல்லாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

கேள்வி: நான் போன பிறகு இந்தக் கட்டணம் என் பிள்ளைகள் தலையில் விழுமா?

பதில்: டைம்ஷேர் சொத்தாகப் பத்திரத்தில் பதிவாகியிருந்தால் அது உங்கள் சொத்துக் கணக்கில் சேரும். ஆனால் பல நாடுகளில் வாரிசுகள் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், அதற்குக் கெடு உண்டு, அதற்குமுன் ஒருமுறைகூட அங்கே போய்த் தங்கக் கூடாது. வெறும் மெம்பர்ஷிப் என்றால் உறுப்பினர் இறந்தால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். பிள்ளைகளை இப்போதே உட்கார வைத்து அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.