இயர்போனை முதலில் கழற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு ஆராதனை தவறுவதில்லை. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் வாக்குத்தத்த வசனத்தையும் வாசித்துவிடுவேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், நோவாவின் பேழையில் மிருகங்கள் எத்தனை எத்தனை ஏறின என்று கேட்டான். ஜோடி ஜோடியாக என்றேன். ஆதியாகமம் 7:2ஐக் காட்டி, "ஏழு ஏழுன்னு போட்டிருக்கே" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. கணவர் சபைக் கமிட்டியில் பொருளாளர், அவருக்கும் தெரியவில்லை. வீட்டில் வேதம் நன்றாகத் தெரிந்தவர் என் மாமியார்தான். முப்பது வருடம் ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவர். இப்போது கண் சரியாகத் தெரியாததால் போனில் ஆடியோ பைபிள் போட்டு இயர்போன் மாட்டிவிட்டிருக்கிறோம். அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருப்பார், யாருக்கும் தொந்தரவில்லை. நான் வேதத்தை முறையாகப் படிக்க எந்த ஸ்டடி பைபிள் வாங்கலாம்? தபால்வழிப் பாடத்தில் சேரலாமா?

பதில்:

சகோதரி, ஸ்டடி பைபிளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் இதைச் சொல்லுங்கள்: "யாருக்கும் தொந்தரவில்லை" என்றால் யாருக்கு?

முப்பது வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த மனுஷி உங்கள் வீட்டு அறையிலேயே இருக்கிறார். அவர் காதை அடைத்துவிட்டு, எந்தப் பாடத்தில் சேரலாம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். மகன் கேள்வி கேட்ட அன்று, நாலு எட்டு வைத்து அத்தையிடம் போய்க் கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் கிடைத்திருக்கும். அது உங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள், உங்கள் வீட்டில் வேத அறிவு குறைந்ததற்கு அதுதான் காரணம்.

பவுலின் சீடன் தீமோத்தேயுவுக்கு வேதம் எங்கிருந்து வந்தது? பவுல் எழுதுகிறார்: முதலில் பாட்டி லோவிசாள், பிறகு தாய் ஐனிக்கேயாள் (2 தீமோத்தேயு 1:5). உங்கள் மகனுக்கு ஒரு லோவிசாள் இருக்கிறார். நீங்கள்தான் நடுவில் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

ஆடியோ பைபிளை நான் பழிக்கவில்லை. கண் தெரியாதவருக்கும் அடுப்படியில் நிற்பவருக்கும் அது பெரிய உதவி. ஆனால் "இந்த இடத்தை இன்னொரு தரம் வாசி" என்றால் அது வாசிக்காது, வாசித்ததைப் பற்றி யாரிடமும் கேட்கவும் கேட்காது. சொல்லிக்கொடுத்தே பழகியவருக்குக் கேட்பதற்கு மட்டும் ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறீர்கள். இன்னொன்று: கண் சரியாகத் தெரியவில்லை என்கிறீர்கள், என்ன கோளாறு என்று எழுதவில்லை. புரை என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் பார்வை திரும்பும். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் தாமதிக்கத் தாமதிக்க மோசமாகும். டாக்டரிடம் காட்டவில்லையென்றால் இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

இனி உங்கள் கணவர். நீங்கள் எழுதியதில் அவருக்கு இருப்பதெல்லாம் ஒரு பதவிதான். கமிட்டிக் கூட்டத்துக்கு உட்கார நேரம் இருக்கிறவருக்குப் பெற்ற தாய்க்கு ஒரு அதிகாரம் வாசிக்க நேரம் இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வையுங்கள். தாய்க்கு வாசித்துக் காட்டுவது முதலில் மகன் கடமை, அப்புறம்தான் மருமகள் கடமை. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

எப்படித் தொடங்குவது? எல்லோரும் செய்கிற தவறு, ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்குவது. கணக்கு சரியான கணக்குதான்: மொத்தம் 1189 அதிகாரம், நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வருடத்தில் முடியும். ஆனால் அந்தக் கணக்கில் போனால் ஜனவரி கடைசியிலேயே லேவியராகமம் வந்து நிற்கும். பலிகள், தோல் வியாதி, தீட்டு என்று வரிசையாக வரும்போது, எதற்காக இதையெல்லாம் வாசிக்கிறோம் என்று தெரியாமல் பிப்ரவரியில் மூடிவைத்துவிடுவார்கள். அடுத்த ஜனவரியில் மறுபடி "ஆதியிலே". இப்படியே பலருக்கும் ஆதியாகமம் நன்றாகத் தெரியும், எண்ணாகமம் ஒருவரிகூடத் தெரியாது.

நீங்கள் ரூத்திலிருந்து தொடங்குங்கள். நாலே அதிகாரம், 85 வசனம், நாலு ராத்திரி. "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்பது உங்களுக்கும் மனப்பாடமாகத்தான் இருக்கும். அதை ரூத் என்ற மருமகள் தன் மாமியார் நகோமியிடம் சொன்னாள் என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? உங்களுக்கு இந்தப் புத்தகத்தைச் சொல்வதும் வேண்டுமென்றுதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், டிவியை அணைத்துவிட்டு, மாமியார் அறையிலேயே உட்காருங்கள். அவரை ஹாலுக்கு வரவழைக்க வேண்டாம். ஒரு அதிகாரம் சத்தமாக, நிதானமாக. ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். மகன் இங்கிலீஷ் மீடியம் என்றால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், வாசிக்கட்டும். தப்பாக வாசிக்கிற இடத்தைப் பாட்டி புத்தகம் பார்க்காமலே திருத்துவார். முடிந்ததும் மூன்று கேள்வி மட்டும்: இங்கே யார் யாரிடம் பேசுகிறார்கள், இதற்கு முன்னால் என்ன நடந்தது, எது திரும்பத் திரும்ப வருகிறது. "இதிலிருந்து எனக்கு என்ன ஆசீர்வாதம்" என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அதை முதலில் கேட்பதால்தான் வசனம் என்ன சொல்கிறது என்பதே நம் காதில் விழுவதில்லை.

மூன்றாவது கேள்விக்கு ரூத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. முதல் அதிகாரம் 21ஆம் வசனத்தில் நகோமி, நிறைவாகப் போனேன், வெறுமையாய்த் திரும்பினேன் என்று ஊர்ப் பெண்களிடம் புலம்புகிறாள். பக்கத்திலேயே ரூத் நிற்கிறாள்! மூன்றாம் அதிகாரம் 17இல், மாமியாரிடம் வெறுமையாய்ப் போகவேண்டாம் என்று வயல்காரன் போவாஸ் ரூத்தின் கையில் வாற்கோதுமை கொடுத்து அனுப்புகிறான். நாலாம் அதிகாரம் 15இல் அதே ஊர்ப் பெண்கள், ஏழு மகன்களைவிட உனக்கு இந்த மருமகள் மேல் என்று நகோமியிடமே சொல்கிறார்கள். வெறுமை என்றவளுக்கு ஊரே பதில் சொல்லி முடிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எந்த ஸ்டடி பைபிளும் வேண்டியதில்லை, நாலு அதிகாரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதும்.

அப்படியே லேவியராகமத்துக்கும் வாசல் திறக்கும். ரூத் எந்தத் தைரியத்தில் அடுத்தவன் வயலில் கதிர் பொறுக்கினாள்? ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிற சட்டம் லேவியராகமம் 19:9-10இல் இருக்கிறது. மோவாப் தேசத்திலிருந்து வந்த ரூத் எளியவளும்கூட, பரதேசியும்கூட. போவாஸ் நகோமியின் நிலத்தை மீட்கிறானே, அப்படி மீட்கும் உறவுமுறையான் விஷயம் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தேவை வந்து தேடிப்போகும்போது அந்தப் புத்தகத்தில் தூக்கம் வராது.

ரூத் முடிந்ததும் மார்க்கு சுவிசேஷம்: 16 அதிகாரம், 16 ராத்திரி. பதினாலாம் அதிகாரம் மட்டும் 72 வசனம், அன்றைக்குக் கொஞ்சம் முன்கூட்டியே உட்காருங்கள். ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு பெண்ணுக்கு 12 வருடப் பெரும்பாடு (இரத்தப்போக்கு), யவீருவின் மகளுக்கு 12 வயது. மகன் கவனிக்கிறானா பாருங்கள். கவனிக்கவில்லையென்றால் நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம், பாட்டி கொடுப்பார்.

வாட்ஸ்அப் வாக்குத்தத்தம் பற்றி ஒரு சொல். எரேமியா 29:11 உங்களுக்குப் பலமுறை வந்திருக்கும், தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்று. அதற்கு முந்தின வசனம் மட்டும் வராது. அதில் பாபிலோனில் எழுபது வருஷம் முடியவேண்டும் என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது; வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சீக்கிரம் திரும்பமாட்டீர்கள் என்பது அதன் சாரம். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகும் என்று இனிப்பாகச் சொன்னவன் முந்தின அதிகாரத்து அனனியா. அவன் கள்ளத் தீர்க்கதரிசி. இனி ஒரு வசனம் போனில் வந்தால் அந்த அதிகாரம் முழுவதையும் வாசிக்காமல் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

மகனுடைய கேள்விக்கு வருவோம். ஆதியாகமம் 6:19 பொதுவான கட்டளை: சகலத்திலும் ஆணும் பெண்ணுமாக ஜோடு. 7:2 அதை விரிக்கிறது: சுத்தமான மிருகங்களில் மட்டும் ஏழு ஏழு. ஏன் என்று கேட்டால் 8:20க்குப் போங்கள். வெள்ளம் வடிந்ததும் நோவா சுத்தமான மிருகங்களிலும் பறவைகளிலும் எடுத்துப் பலியிடுகிறான். வெறும் ஜோடியாக மட்டும் ஏற்றியிருந்தால் பலியோடு அந்த இனமே அற்றுப்போயிருக்கும். பையன் கெட்டிக்காரன், 7:9இல் சுத்தமானதும் ஜோடாகத்தானே ஏறுகிறது என்று அடுத்துக் கேட்பான். அதை ஒரு 80 பக்க நோட்டில் எழுதிவைத்து ஆயரிடம் கேட்கச் சொல்லுங்கள். "விசுவாசம் வேண்டும், குறுக்குக் கேள்வி கேட்காதே" என்று மட்டும் அவன் வாயை அடைக்காதீர்கள். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்று மெச்சுகிறது.

தபால்வழிப் பாடம் தாராளமாகச் சேரலாம், மார்க்கு முடிந்த பிறகு. ஸ்டடி பைபிளும் அப்போதுதான். இப்போதே வாங்கினால் கண் நேராகக் கீழேயுள்ள குறிப்புக்குத்தான் போகும். அந்தக் குறிப்பு யாரோ ஒருவருடைய விளக்கம், வசனம் அல்ல. முதலில் வேண்டியது ஒத்துவாக்கியக் குறிப்பும் (இதே விஷயம் வேறெங்கே வருகிறது என்று காட்டுவது) கடைசியில் வரைபடமும் உள்ள சாதாரண வேதாகமம் ஒன்று. பெரிய எழுத்தாகப் பார்த்து வாங்குங்கள். உங்களுக்கும் 46 ஆகிறது.