பெல்ட் மாற்றினால் சுருதி ஏறுமா?

கேள்வி: அமெரிக்காவில் இருந்த அண்ணன் ஊர் திரும்பியபோது ஒரு பழைய டர்ன்டேபிளும் சிடி பிளேயரும் கொடுத்தார். இரண்டும் 120 வோல்ட். ஒரே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரில்தான் போடுகிறேன். சிடி ஒழுங்காகப் பாடுகிறது. எல்.பி. போட்டால் பாடகியின் குரல் ஆண் குரல் மாதிரி இழுக்கிறது. கடைக்காரர் டர்ன்டேபிளுக்குப் புது பெல்ட்டும், சிடி சீரான வேகத்தில் சுற்ற அதன்மேல் வைக்கும் எடைத்தட்டும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, 33⅓ வேகத்தில் ஓடவிட்டு, மொபைலில் மூன்று நிமிடம் வைத்துக்கொண்டு சுற்றுகளை எண்ணுங்கள். 100 வர வேண்டும். 97, 98 என்று வந்தாலோ, எண்ணும்போதெல்லாம் மாறினாலோ பெல்ட்டைச் சந்தேகிக்கலாம். 83 வந்தால் பெல்ட் பாவம், அதன்மேல் குற்றமில்லை.

உங்களுக்கு 83தான் வரும் என்று நினைக்கிறேன். பழைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் இருப்பது கரன்ட்டின் ஹெர்ட்ஸை, அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, பிடித்துக்கொண்டு சுற்றும் ஏசி மோட்டார். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. ஆக வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே போய்விடுவார். மோட்டாரும் கூடுதலாகச் சூடேறும். 45-இல் போட்டுச் சமாளிக்கலாமே என்றால், 37½ சுற்று வரும், பாட்டு ஓட்டமெடுக்கும்.

அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் '60 ஹெர்ட்ஸ்' மட்டும் இருந்தால், அந்த மாடலுக்கான 50 ஹெர்ட்ஸ் புல்லி தேடுங்கள். மோட்டார் தண்டில் பெல்ட் சுற்றும் சின்ன உருளைதான் அது, இப்போது இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பருமனாக இருக்கும். கிடைக்காவிட்டால் 60 ஹெர்ட்ஸ் தரும் தனி பவர் சப்ளை வேண்டும். சாதாரண செட்டுக்கு அவ்வளவு செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் செட்டாக (பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுற்றும், வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் காக்கும்) இருந்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

அதே கரன்ட்டில் சிடி மட்டும் எப்படிச் சரியாகப் பாடுகிறது? சிடி ஒரே வேகத்தில் சுற்றுவதே இல்லை! உள்வட்டத்தில் தொடங்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று. வெளி ஓரத்துக்கு வரும்போது 200 ஆகிவிடும். படித்த தகவல் நேராக ஸ்பீக்கருக்குப் போகாமல் ஒரு மெமரியில் சேர்கிறது. வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பி வந்தால் பிளேயரே சிடித் தட்டின் வேகத்தைக் குறைக்கும், வற்றினால் கூட்டும். கீழே குழாயில் வருவது மட்டும் மாறாது: குவார்ட்ஸ் படிகம் தாளம் போட, ஒவ்வொரு சேனலுக்கும் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்து குறித்த எண்கள்). சுருதியை நிர்ணயிப்பது அந்தப் படிகம்தான். தட்டின் ஆட்டம் காதுவரை வராது. டர்ன்டேபிளில் இடையில் தொட்டி கிடையாது. தட்டு தடுமாறினால் பாட்டும் தடுமாறும்.

அதனால் எடைத்தட்டு வேண்டவே வேண்டாம். அடிக்கடி வேகம் மாற வேண்டிய சின்ன மோட்டாருக்கு அது வீண் சுமை. சிடி பிளேயரில் கோளாறு வந்தால் பாட்டு திக்கும், தாவும், நின்றுபோகும், சுருதி இறங்காது. அப்படித் திக்கினால் முதலில் சிடியையும் லென்ஸையும் துடைத்துப் பாருங்கள்.