ஒரே வீடு, ஒரே பிரம்பு

கேள்வி: குடித்துவிட்டு வரும் அப்பாவிடம் நானும் தம்பியும் ஒரே வீட்டில், ஒரே பிரம்பால்தான் அடி வாங்கினோம். நான் 18 வயதில் தேசிய சேவைக்குப் போய்த் திரும்பி, வேலையில் சேர்ந்து, மதுவைத் தொடாமல் வாழ்கிறேன். எனக்கு 8 வயது இளையவனான தம்பியோ நாற்பதை நெருங்கியும் குடியை விடவில்லை. ஆலோசகர் அவனுடைய சிறுவயதைக் கிளறுகிறார். இது குடிக்குச் சாக்குத் தேடித் தருவதாகாதா? - வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் தேசிய சேவைக்காகப் படைமுகாமுக்குப் போனபோது தம்பிக்கு 10 வயது. வார இறுதியில் மட்டும் வீடு திரும்பினேன் என்கிறீர்கள். அதுவரை இருவருக்கும் பங்காக விழுந்த அடி, அதன்பின் திங்கள் முதல் வெள்ளி வரை யாருக்கு விழுந்திருக்கும்?

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 9,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் விவரம் கேட்டு 1998இல் வெளியான ஆய்வு, அடி, பாலியல் வன்முறை, தாய் அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் குடிநோயாளி இருப்பது முதலிய சிறுவயதுத் துன்பங்களை 7 வகையாகப் பிரித்தது. அவற்றில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதுவும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. பெரியவர்களின் நினைவை நம்பிய ஆய்வு என்பது அதன் குறை. குடிப்பழக்கத்தில் பரம்பரைக்கும் பங்குண்டு. துன்பப்பட்ட எல்லாரும் குடிகாரர் ஆவதில்லை என்பதற்கு நீங்களே சாட்சி.

ஆனால் மின்தூக்கி உங்கள் தளத்தில் நிற்கும் ஓசை கேட்டால் இன்றும் கைவேலை நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே. அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆனபின்னும் உங்கள் உடல் அந்தக் காலடிக்குக் காத்திருக்கிறது. வளரும் வயதில் நெடுநாள் அச்சத்திலேயே பழகிய உடல் பின்னாளில் எளிதில் அடங்குவதில்லை. மது அதைச் சற்று நேரம் அடக்கி வைக்கிறது, அந்தச் சற்று நேரத்துக்காகவே பலர் மறுபடியும் கோப்பையை எடுக்கிறார்கள். நீங்கள் வேலையில் புதைந்துகொண்டீர்கள். (ஞாயிறுகூட அலுவலகம் போவதைப் பெருமையாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், அதையும் யோசியுங்கள்.)

குடியை விடும் பொறுப்பு தம்பியுடையதுதான். அதை ஆலோசகரும் மறுக்கமாட்டார். எந்த நேரத்தில், எந்தச் சொல்லைக் கேட்டால் தம்பியின் கை போத்தலைத் தேடுகிறது என்பதைத்தான் ஆலோசகர் கண்டறியப் பார்க்கிறார். அது தெரியாமல் நிறுத்தச் சொன்னால், சில வாரம் நிறுத்துவார், மீண்டும் தொடங்குவார், வீட்டார் அதற்கு மனஉறுதி இல்லை என்று பெயர் வைப்பார்கள். புவாங்கோக்கிலுள்ள மனநலக் கழகத்தில் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. தேவைப்பட்டால் ஆலோசகரிடம் அதுபற்றிப் பேசுங்கள்.

நானும்தானே அடி வாங்கினேன் என்று தம்பியிடம் இனிச் சொல்லாதீர்கள். நீங்கள் முகாமில் இருந்த ஆண்டுகளில், வாரநாள் இரவுகளில் வீட்டில் என்ன நடந்தது என்று அவரிடம் கேளுங்கள். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையாவது கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.