பிராக்டிகல் தவிர அனுபவம் இல்லாத மாணவர், லேப் வேலைக்கு ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

கேள்வி: எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முதல் வருடம் படிக்கிறேன். மே மாத லீவில் ஏதாவது ஒரு ஆராய்ச்சி லேபில் புராஜெக்ட் செய்ய ஆசை. கல்லூரி பிராக்டிகல் தவிர எந்த அனுபவமும் இல்லை. ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

பதில்: அந்தப் பிராக்டிகலைத்தான் எழுத வேண்டும். அதை ஒதுக்கிவிட்டால் உங்களிடம் எழுத வேறு என்ன இருக்கிறது?

புரத ஆராய்ச்சி நடக்கும் ஒரு லேபில் எட்டு வருடமாக இருக்கிறேன். லீவுக்கு முன்னால் வந்து குவியும் மாணவர்களின் மெயில்களைப் படித்து, யாரைக் கூப்பிடலாம் என்று பேராசிரியரிடம் சொல்வது என் பொறுப்பு. முக்கால்வாசி ரெஸ்யூமேயில் ‘பிசிஆர், ஹெச்பிஎல்சி, எலிசா, வெஸ்டர்ன் பிளாட்’ என்று பெரிய லேப் முறைகளின் ஒரு நீளப் பட்டியல் இருக்கும். அப்படி எழுதியிருந்த ஒரு பெண்ணிடம் போனில், “ஹெச்பிஎல்சில மொபைல் பேஸ் என்னம்மா வெச்சீங்க?” என்று கேட்டேன். மொபைல் பேஸ் என்பது அந்தக் கருவிக்குள் மாதிரியை இழுத்துச் செல்லும் திரவம்; ஹெச்பிஎல்சி செய்தவருக்கு அது தெரியாமல் இருக்காது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “மேடம், காலேஜ்ல ஒரு நாள் விசிட் கூட்டிட்டுப் போனாங்க. பார்த்திருக்கேன்” என்றாள். சரி, கையால் செய்தது எது என்று கேட்டதும், எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்சைம் சோதனையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். அவ்வளவு தெளிவு! ஆனால் அதைப் பற்றி ரெஸ்யூமேயில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

அவள் சொன்னதை எழுத்தில் போட்டால் இப்படி வரும் (நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், விஷயத்தை மட்டும் பாருங்கள்): ‘எச்சில் அமைலேஸின் வேகத்தை டிஎன்எஸ் முறையில், 540 நானோமீட்டரில் அளந்தேன். குழாய்கள் கொதிநீரில் இருந்த நேரம் ஒன்றுக்கொன்று மாறியதால் முதல் தடவை மால்டோஸ் ஸ்டாண்டர்ட் கிராஃப் நேர்கோடாக வரவில்லை. எல்லாக் குழாயையும் ஒன்றாக இறக்கி, 5 நிமிடத்தில் ஒன்றாக எடுத்து, திரும்பச் செய்தேன்.’ (டிஎன்எஸ் என்பது, உருவான சர்க்கரையின் அளவை நிறமாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை.)

இந்த மூன்று வரி போதும். இவருக்குப் பிப்பெட் பிடிக்கத் தெரியும், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் தெரியும், தப்பு வந்தால் காரணம் தேடுவார், அதை மறைக்காமல் சொல்வார் என்பது படிக்கிற எனக்குப் புரிந்துவிடும். புது மாணவர் வந்தால் முதல் இரண்டு வாரம் எங்களில் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே நிற்க வேண்டும். அப்படி நிற்கலாமா என்று முடிவெடுக்க, நீளப் பட்டியலைவிட இந்த மூன்று வரிதான் எங்களுக்கு உதவும்.

அதனால் ரெக்கார்டை ஓரமாக வைத்துவிட்டு, அப்சர்வேஷன் நோட்டை எடுத்து உட்காருங்கள். அடித்தல் திருத்தலோடு உண்மை அதில்தான் இருக்கும். தனியாகச் செய்ததையும் நாலு பேர் சேர்ந்து செய்ததையும் வேறு வேறாகக் காட்டுங்கள். வெறுமனே பார்த்ததைப் போட வேண்டாம். பஃபர் தயாரித்தது, பிஹெச் மீட்டரை 4, 7 பஃபர் வைத்து காலிபரேட் செய்தது, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் மீடியா வைத்தது, இதெல்லாம் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் லேபில் தினமும் நடக்கிற வேலையே அதுதான்.

மருந்துக் கம்பெனியின் க்யூசி (தரப் பரிசோதனை) லேபுக்குப் போடுவதாக இருந்தால் இன்னொன்றும் சேர்க்கலாம். தப்பாக எழுதிய எண்ணை ஒயிட்னர் போட்டு மறைக்காமல், ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியான எண்ணும் கையெழுத்தும் தேதியும் போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அங்கே அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, கடைசியில் வரும் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை’ உறுதிமொழி, எதுவும் வேண்டாம். ஒரே பக்கம் போதும்.

மெயிலை ஒவ்வொரு லேபுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். நாற்பது பேராசிரியர்களை ஒரே மெயிலில் சேர்த்து ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஆரம்பித்தால் நாங்கள் திறப்பதுகூட இல்லை. அந்த லேபின் ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது படித்து, அதில் எது உங்களை இழுத்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கும் விண்ணப்பியுங்கள். அதற்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், மே மாதத்துக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும்.

பரிந்துரைக்கு யார் பெயரைப் போட்டாலும் முதலில் அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். போன வருடம் ஒரு மாணவர் கொடுத்த எண்ணுக்கு நான் கூப்பிட்டபோது, அந்த ஆசிரியருக்கு அவர் விண்ணப்பித்ததே தெரியவில்லை. நல்ல மாணவர், ஆனால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.